இணையத்துக்குத் தனி வாசல்

இந்திய ரயில்வேயின் முன்பதிவு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் என ஐந்து மையங்களில் இயங்குகிறது. தொடக்கத்தில் ஒவ்வொன்றும் தனித்தீவு. ரயில்வேயின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான கிரிஸின் ‘கான்சர்ட்’ மென்பொருள் 1999இல்தான் ஐந்தையும் முழுதாக இணைத்தது.

2002இல் இணையவழி முன்பதிவுக்கான ஐஆர்சிடிசி இணையதளம் வந்தது. இருக்கைக் கணக்கைக் காக்கும் பழைய அமைப்புக்குள் அதைத் திணிக்காமல், முன்னால் தனி அடுக்காக நிறுத்தினார்கள். நல்ல முடிவு. ஏசி வகுப்புகளுக்குத் தட்கல் தொடங்கும் காலை 10 மணிக்கு இணையதளம் திணறினாலும் (திணறாத நாள் உண்டா?) கொல்கத்தா ஃபேர்லி பிளேஸ் கவுன்ட்டரில் சீட்டு அச்சாக வழி இருக்கிறது.

அதற்காக, இணைய சர்வரைத் தனியே நிறுத்துவது எல்லோருக்கும் பொருந்துமா? 2014இல் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பு வெளியானபின், செயலிக்குள்ளேயே டாம்கேட் இணைய சர்வரை அடைத்து ஒரே கோப்பாகத் தருவது ஜாவா உலகில் பரவிவிட்டது. கொல்கத்தா சால்ட் லேக் ஐந்தாம் செக்டரின் சிறு மென்பொருள் நிறுவனத்துக்கு அது தாராளம். சர்வரைத் தனியே நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டாம்.

சிக்கல் பாதுகாப்புத் திருத்தம் வரும்போதுதான். உள்ளே அடைத்த சர்வர் என்றால் ஒவ்வொரு செயலியையும் மறுபடி கட்டி வெளியிட வேண்டும். பல செயலிகளுக்குப் பொதுவான சர்வர் என்றால் ஓரிடத்தில் மாற்றினால் தீர்ந்தது. பல செயலிகளை நடத்தும் அரசுத் துறைகள், அந்த வேலை யார் பொறுப்பு என்பதை டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும்.