ஆற்றல் கருவிக்கு, அல்லல் மாந்தர்க்கா?

அறிவுக்கு வாயிற்காவல் வைத்து, உள்ளே வருவாரிடம் மறைமொழி கேட்பது வல்லாண்மையரின் பழந்தொழில். அத்தொழில் கணிப்பொறித் துறையிலும் நடந்தது, இன்றும் நடக்கின்றது. "கட்டளைகளை நெட்டுருச் செய்தவனே கருவியை ஆளத் தக்கவன், பட்டி கேட்பவன் சோம்பேறி" எனத் தருக்கும் வல்லுநர்க்கு விடையிறுக்கவே இவ்வுரை.

கெர்மிட் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 1981-இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பிராங்கு தா குரூசும் பில் கேச்சிங்சும் உருவாக்கியது அது. மாணவர்தம் கோப்புகளைப் பெருங்கணிப்பொறியினின்று சிறு பொறிகளின் வட்டுகளுக்குக் கொண்டுசேர்க்கப் பிறந்தது. ஒன்றோடொன்று இணங்காப் பொறிகளையும் பேச வைத்தது. அதன் ஆற்றலை யார் மறுத்தார்? அவ்வாற்றலை எட்ட மாந்தன் பட்ட பாடே நம் வழக்கு.

ஐ.பி.எம். பெருங்கணிப்பொறியோடு பேச நான்கு அமைப்புகள் வேண்டும். பிழையறியும் சரிபார்ப்புக் குறி இன்னது. தட்டும் எழுத்தைத் தன் திரையிலேயே காட்டுக. பேசும் முறை மாறுதற்கு அடையாளம் இன்னது. ஓட்டக் கட்டுப்பாடு வேண்டா. இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் தொல்லையே. எழுத்து இரட்டிக்கும்; அல்லது குப்பையாய்க் குவியும்; அல்லது பொறி வாய்மூடிக் கிடக்கும். அதே 1981-இல் வந்த ஏய்சு நிறுவனத்தின் தொலைபேசி இணைப்புக் கருவியோ இன்னும் விந்தையானது! தொடர்பின் நடுவே அதற்குக் கட்டளையிட வேண்டுமாயின் மூன்று கூட்டற்குறிகளை அடுத்தடுத்துத் தட்டவேண்டும். அவற்றின் முன்னும் பின்னும் ஒரு நொடி வாளா இருத்தல் வேண்டும். இது கருவியா, நோன்பா?

பட்டி அமைத்தோம் என்பாரும் உளர். கட்டளைப் பெயர்களை வரிசையாகத் திரையில் தொங்கவிட்டால் பட்டியாகுமா? மறைமொழியைச் சுவரில் எழுதிவைத்ததே ஆகும்! "சரிபார்ப்புக் குறி யாது?" என்று கேட்பது பொறியின் கேள்வி. "எந்தப் பொறியோடு பேச வேண்டும்?" என்பதே மாந்தனின் கேள்வி. அதற்கு ஒரு விடை போதும். நான்கு அமைப்புகளையும் பட்டியே செய்துகொள்ள வேண்டும். இவ்வழியைக் கெர்மிட்டே காட்டியது: அந்நான்கையும் ஒரே பெயரில் முடிந்துவைக்க அதில் இடமிருந்தது. வினாக்குறியைத் தட்டினால் அடுத்து எழுதத்தக்கவற்றையும் அது காட்டியது. ஆக, எளிமை ஆற்றலுக்குப் பகையன்று.

"பட்டி ஆற்றலை மறைக்கும்" என்பது அடுத்த சாக்கு. வாயில் வைத்தால் வீடு இடிந்துபோகுமா? கட்டளை வழியும் திறந்தே இருக்கட்டும். பட்டி தான் இடும் கட்டளையைத் திரையில் காட்டட்டும். கற்க விழைவார் அதைக் கண்டே கற்பர்.

இன்னொன்றும் எண்ணுக. அனுப்பு, பெறு என்னும் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்ததால் அமெரிக்கர்க்கு அவை வீட்டு மொழி. அவர்களே இடறினர் எனின், அயன்மொழியில் அவற்றைக் கற்கும் தமிழ்ப் பிள்ளையின் நிலை என்ன? அவனுக்கு இரண்டு பூட்டு! ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவிட்டால் அது தமிழ்ப்பட்டி ஆகிவிடாது. அனுப்பு, பெறு, நிறுத்து: இம்மூன்றும் எந்தப் பாட்டிக்கும் விளங்காவோ?

கருவி செய்வோரே! பொறிக்கு மாந்தனைப் பழக்காதீர். மாந்தனுக்குப் பொறியைப் பழக்குக! தமிழ் இளைஞனே! பிறர் பூட்டிய கதவின்முன் கைகட்டி நில்லாதே. உன் மொழியில் திறவுகோல் செய்!