ஸ்கிரீனிங் ‘நார்மல்’... அறிகுறி மட்டும் போகவில்லையா?

“டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்னு சொல்லிட்டாங்க.” கருப்பை வாய்ப் புற்றுநோய் விஷயத்தில் இந்த நிம்மதி பெரும்பாலும் சரிதான். ஆனால், எப்போதும் அல்ல.

எதைப் பிடிக்கும்?

இந்நோயில் பெரும்பகுதி, எச்.பி.வி. வைரஸால் வரும் செதிள் செல் வகை. ஆரம்பநிலையில் அதைக் கண்டுபிடிக்க அசிட்டிக் அமிலப் பரிசோதனை உதவுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில், ஒரே ஒருமுறை செய்த இந்தப் பரிசோதனையே இறப்பை 35 சதவீதம் குறைத்தது. 2007-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவு இது.

எது தப்பிவிடும்?

‘இரைப்பை வகை அடினோகார்சினோமா’ அரிதானது. கருப்பை வாயின் உட்குழாயில், சுரப்பி செல்களில் தொடங்கும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. எச்.பி.வி. தொடர்பே இல்லாததால் அந்த டெஸ்ட்டும் ‘நெகட்டிவ்’ என வரும். பாப் ஸ்மியரிலும் தவறலாம். தண்ணீர் போல, சளி போல ஓயாத வெள்ளைப்படுதல், மாதவிடாய்க்கு நடுவே ரத்தப்போக்கு ஆகியவைதான் எச்சரிக்கை.

அடுத்து என்ன?

உட்குழாயில் திசு எடுத்து பயாப்ஸி, நோய் எவ்வளவு ஆழம் என்றறிய எம்.ஆர்.ஐ. ஸ்கேன். வகை தெரிவது முக்கியம். இரைப்பை வகை, கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் அவ்வளவாகக் கட்டுப்படாது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் அறுவை சிகிச்சையே பெரிய வாய்ப்பு. இன்னொரு அரிய வகையான சிறு செல் நியூரோஎண்டோகிரைன் புற்றுக்கு, சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு என்ற வேறு மருந்துக் கூட்டணி தேவை.

தளியில் என்ன செய்யலாம்?

தளியில் இருப்பவருக்குச் சென்னை அடையாறு புற்றுநோய் மையத்தைவிட பெங்களூரு கித்வாய் மருத்துவமனை பக்கம். எல்லை தாண்டும் முன் பயாப்ஸி ஸ்லைடு, மெழுகுக் கட்டி இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி திசு எடுப்பதைத் தவிர்க்கலாம். காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதையும் முன்பே விசாரியுங்கள்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். பி.பி., சுகர் மாத்திரையோடு வீடு தேடி வருபவர்கள், “வெள்ளைப்படுதல், ரத்தப்போக்கு ஏதாவது இருக்காம்மா?” என்றும் கேட்கட்டும். ‘ஆமாம்’ என்பவரை, பழைய ரிப்போர்ட் என்ன சொன்னாலும், மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாடு வேண்டும்.

ஸ்கிரீனிங், அறிகுறி இல்லாதவர்களுக்கானது. அறிகுறி இருப்பவருக்குத் தேவை, முழுப் பரிசோதனை.