காணியின் கணக்கும் இராமானுஜனின் எண்ணும்

பூவிருந்தவல்லிக்கு மேற்கே, குத்தம்பாக்கத்தைச் சுற்றியுள்ள நிலங்கள் மனைப் பிரிவுகளாக மாறிவரும் இக்காலத்தில், அங்கே நிலம் வாங்குவோரும் விற்போரும் உச்சரிக்கும் கிரவுண்டு, காணி என்னும் அளவுகளுக்குள் கணித சாஸ்திரத்தின் ஆழ்ந்த விஷயமொன்று அடங்கியிருக்க, அதை நம் பள்ளிகள் பாடமாக்கிக்கொள்ளாதிருப்பது பெரும் நஷ்டம் என்றே கருதுகிறேன்.

ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 24 கிரவுண்டு ஒரு காணி. ஆகவே காணி 57,600 சதுர அடி. இதைப் பகா எண்களாகப் பிரித்தால் எட்டு இரண்டுகளும், இரண்டு மூன்றுகளும், இரண்டு ஐந்துகளும் கிடைக்கின்றன. ஒவ்வோர் எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டி, 9, 3, 3 ஆகியவற்றைப் பெருக்கினால், இதன் காரணிகள் 81 என்று தெரியவரும். காரணிகள் ஜோடியாக வருவதே இயல்பாயிருக்க, இங்கே தொகை ஒற்றைப்படையாக நிற்பதற்குக் காரணம், 57,600 என்பது 240-இன் வர்க்கமாதலால், 240 தனக்குத் தானே ஜோடியாகிவிடுவதுதான். பாகப் பிரிவினைக்கு மூன்று பேர் வரட்டும், எட்டுப் பேர் வரட்டும், பன்னிரண்டு பேர் வரட்டும், காணி பின்னமின்றிப் பிரியும். ஏழு பேர் வந்தால் பிரியாது. 43,560 சதுர அடியுள்ள ஏக்கரின் நூற்றிலொரு பங்காகிய சென்ட்டோ 435.6 என்று பின்னத்திலேயே பிறக்கிறது.

ஆயினும் காணி முதலிடம் பெறாது. அதனினும் சிறிய 55,440-க்கு 120 காரணிகள் உண்டு. தன்னிற் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகளைக் கொண்ட எண்கள் யாவை என்னும் இக்கேள்வியைத்தான், சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாயிருந்து 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற ஸ்ரீநிவாச இராமானுஜன் ஆராய்ந்து, 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். மறு ஆண்டு அவருக்குப் பட்டம் கிடைத்ததும் அதனாலேயே. அதிலுள்ள பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800. இரண்டு ஆறு முறையும், மூன்று நான்கு முறையும், ஐந்தும் ஏழும் இருமுறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருகி உண்டான இவ்வெண்ணுக்குக் காரணிகள் 10,080. ஒன்று முதல் இருபத்தெட்டு வரை எந்த எண்ணாலும் இது மீதியின்றி வகுபடும். முறைகள் இவ்வாறு இறங்குவரிசையில் அமைவது தற்செயலன்று. பெரிய பகா எண் சிறியதைவிட அதிக முறை வந்திருந்தால், அவ்விரண்டின் முறைகளையும் இடம்மாற்றிய மாத்திரத்தில், அதே அளவு காரணிகளைக் கொண்ட சிறிய எண் கிடைத்துவிடுமன்றோ?

இந்த அழகிய யுக்தியை ஆறாம் வகுப்புப் பிள்ளை காகிதமும் பென்சிலும் கொண்டே கண்டடைய முடியும். காரணிகளை மீச்சிறு பொது மடங்கு காண்பதற்கான ஏணியாக மட்டும் காட்டிவிட்டுப் பாடத்தை முடித்துக்கொள்வது, குழந்தைகளின் அறிவை நாமே குறைத்து மதிப்பிடுவதாகும். குத்தம்பாக்கத்துப் பிள்ளைகள் தம் ஊர் நிலத்தை அளந்து, 57,600-இல் தொடங்கி, இராமானுஜனின் எண் வரை தாமே ஏறிச்செல்லட்டும். அவருடைய பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று என்பதையும் ஆசிரியர் அவர்களுக்குச் சொல்லலாம்: கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் வரும் 2,93,31,86,25,600 என்பதே அது; அதன் காரணிகள் எத்தனை என்பதைக் கரும்பலகையில் எழுதாமல், அவர்களிடமே கேட்டுவிடலாம்.