பரண்மேல் கிடக்கும் சைலன்சர்

மூன்று இரவுகளாகக் கண்ணயராதிருந்த முதியவர் ஒருவரைக் காண அண்மையில் சென்றிருந்தேன். அப்போதுதான் அவருக்கு உறக்கம் கூடியிருந்தது. தெருவில் ஒரு புல்லட் வண்டி வெடியோசையுடன் கடந்தது. சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. முதியவர் திடுக்கிட்டு விழித்தார். அதன்பின் விடியும்வரை அவர் உறங்கவில்லை என்று மறுநாள் அவர் மகள் சொன்னார்.

வண்டியை ஓட்டிச் சென்றவர் நான் நன்கறிந்த இளைஞர், இரக்கமுள்ளவர். முதியவர் விழித்ததை அவர் அறியார். பிறரைத் துன்புறுத்திவிட்டு, அதை அறியாமலேயே கடந்துபோகும் வசதியைத்தான் அவர் கடையில் விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்.

புல்லட்டின்மீது எனக்குப் பகையில்லை. 1950-களின் நடுப்பகுதி தொட்டுச் சென்னையில் உருவாகிவரும் வண்டி அது. நானும் இளமையில் அதை ஓட்டியவனே. சீராகத் துடிக்கும் அதன் ஆழ்ந்த ஒலியை விரும்பியவனே. ஆனால் அவ்வொலி, வண்டியைச் செய்தவர்கள் பொருத்திய சைலன்சரின் வழியாக வந்த ஒலி. எஞ்சினிலிருந்து பேரழுத்தத்துடன் பாயும் புகை, சைலன்சரின் உள்ளறைகளிலும் துளையிட்ட குழாய்களிலும் புகுந்து வருகிறது. ஒலியலைகள் தடுப்புகளில் மோதித் திரும்பி ஒன்றையொன்று தணிக்கின்றன. பின்னர் வாங்கி மாட்டப்படும் குழாய்கள் பலவற்றில் இவ்வறைகளே இல்லை. டெசிபெல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. 20 கூடினால் நூறு மடங்கு. இதைச் சிறு மாறுதல் என்று எவரும் சொல்ல வேண்டாம்.

இதற்கு அவர்கள் கூறும் நியாயங்கள் மூன்று. 'ஓசை உயிர் காக்கும்' என்பது முதலாவது. அமெரிக்காவில் பெரிய வண்டி ஓட்டுவோர் நெடுங்காலமாக முழங்கிவரும் வாசகம் இது. குழாயின் வாயோ பின்னோக்கியிருக்கிறது. ஆபத்தோ பெரும்பாலும் முன்னிருந்து வருகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஏறத்தாழ 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளிவந்த ஹர்ட் அறிக்கை காட்டிய உண்மை இது. உயிர்மேல் அக்கறை இருந்தால் பகலிலும் எரியும் முகப்பு விளக்கும், பளிச்சென்ற மேலாடையும், தலைக்கவசமும் போதும்.

'ஆற்றல் கூடும்' என்பது இரண்டாவது. குழாயை மட்டும் மாற்றினால் கூடுவது பெரும்பாலும் ஓசையே. எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவு குலைந்து, ஊர்த்தெருவில் நமக்குத் தேவைப்படும் குறைவேக இழுவிசை குன்றுவதும் உண்டு.

'என் வண்டி, என் பணம்' என்பது மூன்றாவது. குழாய் உம்முடையதுதான், தம்பி, ஒலி தெருவினுடையது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் அதற்கு இசைவு தரவில்லை.

சட்டமும் மௌனமாக இல்லை. 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு, தயாரிப்பு நிலையில் 80 டெசிபெல் என மத்திய மோட்டார் வாகன விதிகள் வரம்பு கட்டியுள்ளன. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒலி வரம்பை மீறி ஓட்டுபவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதச் சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். காவல்துறையினர் இக்குழாய்களைப் பறித்துச் சாலையில் பரப்பி உருளை ஏற்றி நசுக்குவதைப் பல நகரங்கள் கண்டுள்ளன. ஆனால் விற்கும் கடைக்காரரும், மாட்டித் தரும் மெக்கானிக்கும், பிறந்தநாள் பரிசாக வாங்கித் தரும் தந்தையும் அந்த உருளைக்குத் தப்பிவிடுகிறார்களே!

நான் கேட்பது பெரிய தியாகமன்று. வண்டியோடு வந்த சைலன்சர் பெரும்பாலும் வீட்டுப் பரண்மேலேயே தூசி படிந்து கிடக்கிறது. அதை இறக்குங்கள். உள்ளே துரு அரித்திருக்கிறதா என்று பாருங்கள். இணைப்பில் புதிய கேஸ்கட் வைத்து, கிளாம்பை இறுக்குங்கள். புதுக் குழாய்க்காகக் கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றியிருந்தால் பழையதையே மீண்டும் போடுங்கள். இல்லையேல் பெட்ரோல் வீணாகும், கரும்புகை வரும். ஒரு காலைப்பொழுதுகூட ஆகாத வேலை.

அந்த இளைஞரிடம் முதியவரின் இரவைப் பற்றிச் சொன்னேன். முகம் வாடினார். "பார்க்கலாம், ஃபாதர்" என்றார். இதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒருநாள் அவர் தம் வண்டியை நண்பரிடம் கொடுத்து ஓட்டச் சொல்லிவிட்டு, நோயாளி படுத்திருக்கும் அந்தச் சன்னலுக்கு உள்ளே அமர்ந்து கேட்கட்டும். அன்று மாலையே பரணில் ஏணி சாத்தப்படும் என்று நம்புகிறேன்.