ஜன்னலுக்கு முன்னால் யாருடைய நிலம்?

மலாக்கா நகரில் கொண்டோ விற்கும் காட்சிக்கூடங்களுக்கு நம் குடும்பங்கள் சனி, ஞாயிறுகளில் போய் வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டடத்தின் மாதிரி வடிவம் நிற்கும். அதன் முன்னால் நீலப் பிளாஸ்டிக்கில் கடல். சுவரில் விலைப் பட்டியல். ஒரே அளவு வீடு, அதே மூன்று அறை, அதே குழாய், அதே ஓடு. ஆனால் கடல் பார்த்த வரிசைக்கு ஒரு விலை, நீச்சல் குளம் பார்த்ததற்கு இன்னொன்று, கார் நிறுத்துமிடம் பார்த்ததற்கு வேறொன்று. மாடி ஏற ஏற விலையும் ஏறும். முன்பணம் எவ்வளவு, வங்கி எத்தனை விழுக்காடு தரும், மாதப் பராமரிப்புக் கட்டணம் என்ன, வாசல் கிழக்கா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். அந்த நீலப் பிளாஸ்டிக் இருக்கும் இடம் யாருக்குச் சொந்தம், நாளை அங்கே என்ன வரும் என்று மட்டும் கேட்பதில்லை.

மலாக்காத் தமிழர்களாகிய நாம் எல்லோரும் சேர்ந்து செய்த அலட்சியம் இது. வீடு வாங்கியவர்கள், வாங்க ஆசைப்பட்டவர்கள், சங்கம் நடத்தியவர்கள், பத்திரிகையில் எழுதியவர்கள் என்று யாரும் விலக்கில்லை. இந்த ஊரில் பேசத் தேவையில்லை என்று நாம் வைத்திருந்த பல விஷயங்கள் அந்த விலைப் பட்டியலுக்குள்தான் கிடக்கின்றன.

காட்சிக்கு விலை உண்டு என்பதில் பொய் இல்லை. அமெரிக்காவின் பெல்லிங்ஹாம் நகரில் நடந்த ஆய்வு ஒன்று 1998இல் வெளிவந்தது. மறைப்பே இல்லாத முழுக் கடல் காட்சி வீட்டின் விலையை ஏறத்தாழ 60 விழுக்காடு உயர்த்தியது. மிகக் கொஞ்சமாகத் தெரிந்தால் சுமார் 8 விழுக்காடுதான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் நாம் யோசிக்கவில்லை. முழுக் காட்சிக்குப் பணம் கட்டி, ஐந்தாறு ஆண்டில் அந்தக் கொஞ்சக் காட்சியோடு நிற்பவர் அந்த வித்தியாசம் முழுவதையும் இழக்கிறார். வங்கிக் கடன் குறையாது. 2013 முதல் நம் நாட்டில் வீட்டுக் கடனுக்கு உச்ச காலம் 35 ஆண்டு. காட்சிக்கு அப்படி ஓர் உத்தரவாதத்தை யாரும் எழுதித் தருவதில்லை. அடுக்குமாடி வீடுகளுக்கு அரசு வகுத்த விற்பனை ஒப்பந்தத்தில் வீட்டின் பரப்பளவு இருக்கும், ஒப்படைக்கும் கெடு இருக்கும், தாமதமானால் இழப்பீடு இருக்கும். கடல் தெரியும் என்ற வாக்குறுதி மட்டும் இருக்காது. நம் சட்டம் பலவற்றில் தழுவி வந்த ஆங்கிலப் பொதுச் சட்டமோ, காட்சியை மறைத்ததற்காக வழக்குப் போட முடியாது என்று 1610இலேயே முடிவு கட்டிவிட்டது.

மலாக்காவில் இதைத் தெரிந்துகொள்ளச் சட்டப் புத்தகம் தேவையில்லை. பண்டார் ஹிலிருக்கு ஒரு நடை போனால் போதும். சந்தியாகோ கோட்டை வாசலுக்கு அருகிலேயே ஒரு காலத்தில் கடல் இருந்தது. கோட்டைக்கு எதிரே இருந்த பாடாங் திடலின் ஓரத்தில் அலை அடித்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1970களிலிருந்து கடலை மண் போட்டு நிரப்பி நிரப்பி, தாமான் மலாக்கா ராயாவின் கடைவீடுகளும் பேரங்காடிகளும் எழுந்தன. பழைய கடற்கரை வீட்டின் ஜன்னலுக்கு முன்னால் புதிய கடற்கரை வீடு வந்தது. அதற்கும் முன்னால் இன்னொன்று. 2014இல் மலாக்கா கேட்வே திட்டத்தைப் பெரிய விழா எடுத்துத் தொடங்கினார்கள். கடலுக்குள் செயற்கைத் தீவுகள், துறைமுகம், பல்லாயிரம் கோடி வெள்ளி என்று பேச்சு. 2020 நவம்பரில் மாநில அரசு அதை ரத்து செய்தது. பினாங்கு கர்னி டிரைவில் கடலைப் பார்த்தபடி வீடு வாங்கியவர்களும் தங்கள் கண்ணெதிரே மண் நிரம்புவதைப் பார்த்துவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகும் கடல் பார்த்த வீடு என்றால் நாம் கூடுதல் விலையை மறு பேச்சில்லாமல் கட்டுகிறோம்.

பணம் போவதைக்கூட ஒரு பாடம் என்று விட்டுவிடலாம். அதே கடலை நமக்கு முன்பே பார்த்துக்கொண்டிருந்தவர்களை நாம் பார்க்காமல் விட்டதை அப்படி விட முடியாது. 1930களில் ஊஜோங் பாசிரில் போர்த்துகீசிய வம்சாவளியினருக்குக் கடலோரமாகக் குடியிருப்பு அமைத்தார்கள். ஏழை மீனவர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வலையைத் தள்ளிக்கொண்டே போய் கெராகாவ் என்கிற பொடி இறால் பிடிப்பார்கள். நம் வீடுகளில் சிஞ்சாலோக் தொட்டுச் சாப்பிடாதவர் குறைவு. அது அந்தப் பொடி இறாலில் செய்வதுதான். மண் நிரப்ப நிரப்ப ஆழமற்ற கரை போனது, இறாலும் அருகிப் போனது. பத்திரிகைகளில் அவர்கள் முறையிட்டபோதெல்லாம் அது அவர்கள் பிரச்சினை என்று பக்கத்தைத் திருப்பினோம். நம் கொண்டோ ஜன்னலுக்கும் அவர்கள் வலைக்கும் நடுவில் இருப்பது ஒரே நிலக் கொள்கைதான் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. நாமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

காஜா பேராங் கம்போங் செட்டியில் அந்தச் சாக்குக்கும் இடமில்லை. மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே தமிழகக் கரையிலிருந்து வந்து, இங்கே மணமுடித்து, மலாய் பேசி, சைவத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்ட மலாக்கா செட்டிகளின் ஊர் அது. தாழ்வான கூரை, முன்னால் திண்ணை, நிலைக்கு மேல் மாவிலைத் தோரணம், சில அடி தூரத்துக்கு ஒரு கோவில். ஜாலான் துக்காங் எமாசில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயமும் இந்தச் சமூகம் தந்ததே. கம்போங்கின் ஒட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பும் ஹோட்டலும் வாகன நிறுத்தக் கட்டடமும் எழுப்பும் திட்டம் பத்து ஆண்டுகளுக்கும் முன்பு வந்தபோது, சில நூறு பேர் கொண்ட அந்தச் சமூகம் பதாகை பிடித்து நின்றது. நாடு முழுவதும் இருந்த நம் சங்கங்களில் எத்தனை அவர்களோடு போய் நின்றன? அவர்களுக்குத் தமிழ் பேச வராது, அவர்கள் நம்மவர்தானா என்ற பேச்சு நம் வீடுகளிலேயே புழங்கியது. அந்தப் பேச்சுக்கு நாம் வெட்கப்பட வேண்டும். அவர்களுடைய டத்தோ சாசார் திருவிழாவுக்குப் போய்ப் படம் எடுத்துவந்தவர்கள் வேலி போடும் நாளில் அந்தப் பக்கம் போகவில்லை.

இங்கே விலையின் சூட்சுமம் ஒன்று இருக்கிறது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மையப் பகுதிக்குள் கட்டடங்களின் உயரத்துக்குக் கட்டுப்பாடு. அதற்கு வெளியே கோபுரங்கள் ஏறுகின்றன. அந்தக் கோபுரங்களின் மேல் மாடிகளில் ஆறும் பழைய ஓட்டுக் கூரைகளும் தெரியும் வீடு என்று விற்கிறார்கள். அந்தக் காட்சி நிலைப்பது, கீழே இருப்பவர் தம் வீட்டை உயர்த்த முடியாமல் இருப்பதால்தான். கட்டுப்பாட்டின் சுமை அவருக்கு, கூடுதல் விலை கோபுரம் கட்டியவருக்கு. கம்போங் செட்டியோ மையப் பகுதிக்கும் வெளியே இருக்கிறது; அதன் தலைக்கு மேலேயே கோபுரம் வரலாம்.

புக்கிட் சினா என்ற சீனர் கல்லறைக் குன்றை இந்த இடத்தில் சொல்லாமல் போவது நேர்மையாகாது. கல்லறை பார்த்த வீடென்றால் ஹாங்காங்கில் விலை இறங்கும். அப்படிப் பார்த்தால் 12,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ள ஒரு குன்று நகரின் நடுவில் இருப்பது வியாபாரத்துக்குக் கேடு. 1984இல் மாநில அரசு அதை வெட்டிச் சமன்படுத்தி, மண்ணைக் கடலில் கொட்டி, கட்டடம் கட்டத் திட்டம் வைத்தது. நிலவரிப் பாக்கி என்று பெரும் தொகையும் கேட்டது. அறங்காவலரான செங் ஹூன் தெங் ஆலயம் அசையவில்லை. சீனச் சமூகம் நாடளவில் திரண்டது. குன்று இன்றும் இருக்கிறது, காலையில் நம்மவர்களும் அதில்தான் ஓடுகிறார்கள். அவர்களுக்குப் பணபலம் இருந்தது என்று சொல்லி நம் மனத்தைத் தேற்றிக்கொண்டோம். அவர்கள் கையில் பத்திரமும், கணக்குப் புத்தகமும், கூட்டம் கூட்டினால் வரும் ஆட்களும் இருந்ததைக் கவனிக்கவில்லை.

பத்திரம் என்றதும் தோட்டங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. மலாயாவின் முதல் ரப்பர் தோட்டத்தை 1896இல் டான் சாய் யான் போட்டது இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்; அடுத்து புக்கிட் அசஹானில். அலோர் காஜாவிலும் ஜாசினிலும் மூன்று தலைமுறை தமிழர்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து பார்த்த மேடும் பள்ளமும் பச்சையும் இன்று விளம்பரப் பலகையில் குன்றுக் காட்சி என்று ஏறுகின்றன. அந்த மேட்டில் அம்மனுக்குக் கோவில் கட்டினோம், ஆண்டு தவறாமல் தீ மிதித்தோம். நிலப் பட்டா கேட்டு எழுதவில்லை. கேட்ட சிலரையும் துரைக்கும் கிராணிக்கும் பயந்து அடக்கினோம். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் கட்டுமானம் வரும்போது பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். ஆட்சேபிக்க 21 நாள். அந்தக் கடிதம் உரிமையாளருக்குத்தான் போகும். லயத்துக்காரருக்குப் போகாது, பட்டா இல்லாத கோவிலுக்கும் போகாது.

இன்று நம்மில் பலருக்கு உரிமை இருக்கிறது. கொண்டோ வீட்டுக்காரர்கள் நிர்வாகக் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உட்காரும் தகுதி உள்ளவர்கள். உள்ளூர்த் திட்டத்தின் வரைவு தயாரானதும் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நம் பக்கத்து நிலம் குடியிருப்பா, வணிகமா, எவ்வளவு அடர்த்தி என்பது அந்த வரைபடத்தில் வண்ணம் போட்டே காட்டப்பட்டிருக்கும். மலாக்கா நகரம், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் என நான்கே ஊராட்சி மன்றங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் என்று வைத்தாலும் எட்டுப் பேர் போதும். வரைவு வெளிவந்ததும் அவர்கள் போய்ப் பார்த்து, எந்த மேடு, எந்தக் கரை, எந்தக் கோவிலின் பக்கம் என்ன வருகிறது, ஆட்சேபிக்கக் கடைசி நாள் எது என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கோவில்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஒட்ட வேண்டும். முதல் பிரதியைக் கம்போங் செட்டியில் மலாயிலும் எழுதிக் கொடுக்க வேண்டும்.