நோயாளியின் ஓர் இரவு

காஞ்சிக்குத் தெற்கே உள்ள ஓரிக்கையின் பெயருக்குப் பெரியோர் கூறும் காரணம் நம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கணிகண்ணரை அரசன் நாடு கடத்த, அவருடைய ஆசானாகிய திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட்டார். திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளும் தமது பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னே நடந்தார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடமே 'ஓரிரவிருக்கை' என்றாகி, நாளடைவில் ஓரிக்கை என மருவிற்று என்பது ஐதிகம். ஓர் இரவின் ஞாபகத்தைப் பெயரிலே தாங்கிவரும் அவ்வூரைச் சேர்ந்த ஒருவர், ஆஸ்பத்திரியில் தாம் கழித்த இரவுகளைப் பற்றி நம்மிடம் கூறியதே இன்று இதை எழுதத் தூண்டிற்று.

அவர் அறுபது வயதைத் தாண்டிய பட்டு நெசவாளர். நிமோனியா கண்டு, ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாள் கிடந்து உயிர் பிழைத்து வந்தவர். தம்மைக் காப்பாற்றிய டாக்டர்களையும் நர்ஸுகளையும் பற்றிப் பேசும்போது கைகூப்பியே பேசுகிறார். ஆயினும், "நோயைக்கூடப் பொறுத்துக்கொண்டேன் ஐயா, தூக்கமில்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை" என்றார். நாற்பதாண்டுகள் தறிச் சத்தத்தின் நடுவே வாழ்ந்தவருக்கு ஓசை புதிதன்று. ஆனால் எங்கிருந்து, எதற்காக எழுகிறது என்று விளங்காத மணியோசையும், நள்ளிரவிலும் அணையாத விளக்கும், கண் அயரும்போதெல்லாம் தொட்டு எழுப்பிய கைகளும் அவரை வதைத்துவிட்டன. நான்காம் இரவில், யாரோ தமது தறியில் புகுந்து பாவு நூலை அறுப்பதாகக் கண்டு கூவி, மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கினாராம். அவருடைய கைகளைக் கட்டிவைக்க நேர்ந்ததாம்.

இது ஒரு மனிதரின் பலவீனம் என்று யாரும் எண்ண வேண்டாம். டாக்டர்கள் 'டெலிரியம்' என்று அழைக்கும் இச்சித்தக் கலக்கம், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், அதிலும் வெண்டிலேட்டரில் வைக்கப்பட்டவர்களிடையே, மிகவும் சாதாரணமாகக் காணப்படுவது. இது கண்ட நோயாளிகள் ஆஸ்பத்திரியில் அதிக நாள் தங்க நேர்கிறது. அவர்களிடையே மரணமும் அதிகம். பிழைத்து வீடு திரும்பியபின் ஞாபக சக்தி குன்றுவோரும் உண்டு. இதை வளர்க்கும் காரணங்களில் தூக்கக் கேடும் ஒன்று என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து பார்த்ததில், இந்நோயாளிகள் அடியோடு தூங்குவதில்லை என்பதன்று, அவர்களுடைய தூக்கம் சின்னாபின்னமாகிவிடுகிறது என்பதே தெரியவந்தது. தூக்கத்தில் ஏறத்தாழப் பாதி பகலிலே கழிகிறது. ஆழ்ந்த உறக்கம் அரிதாகிறது. அறுந்த இழை ஒன்றைப் பிணைத்து மேலே நெய்யலாம்; முழத்துக்கு நூறு இடத்தில் அறுந்தால் சேலை ஆகுமா? மருந்து கொடுத்து மயக்கத்தில் ஆழ்த்துவது இயற்கையான உறக்கத்துக்கு ஈடாகாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

1952-ல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மூச்சுவிட இயலாதவர்களை இரவும் பகலும் கண் இமையாமல் காத்த அனுபவத்திலிருந்து பிறந்ததே இச்சிகிச்சை முறை. மறு வருஷம் டாக்டர் இப்ஸென் அந்நகரில் இதற்கெனத் தனிப் பிரிவை ஏற்படுத்தினார். காவல் காப்பதே இதன் உயிர் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால், காவலன் தட்டுகிற தடியின் ஓசையே வீட்டாரைத் தூங்கவிடாது செய்யுமாயின் அக்காவலின் முறையைத் திருத்தத்தானே வேண்டும்? அநாவசியமான ஓசை நோயாளிக்குச் செய்யும் தீங்கை, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் வெளியிட்ட நூலில் தனி அத்தியாயமாகவே எழுதி எச்சரித்திருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள், ஆஸ்பத்திரியைச் சுற்றி நூறு மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க வகை செய்து, அங்கு இரவில் ஓசை 40 டெசிபெலுக்கு மேற்படலாகாது என்கின்றன. வார்டுக்குள் இரவில் 30 டெசிபெலே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1999-ல் கூறிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலோ ஓசை 50 டெசிபெலைத் தாண்டுவதே வழக்கமாயிருக்கிறது. வாசலுக்கு வெளியே ஹாரன் அடிப்பவனுக்கு அபராதம் உண்டு. கட்டிலருகே ஓயாது அலறும் யந்திரத்தைக் கேட்பாரில்லை. நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்த ஜனங்களைப் போலீசார் எழுப்பிக் கலைத்த ராம்லீலா மைதான வழக்கில், உறக்கமும் அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து அளிக்கும் உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று சுப்ரீம் கோர்ட்டு 2012-ல் கூறியது. மைதானத்தில் படுத்திருந்தவருக்கு உள்ள உரிமை, மரணத்தோடு போராடிக் கட்டிலில் கிடப்பவருக்கு இல்லையா?

"ஓசையை அடக்கினால் மட்டும் தூக்கம் வந்துவிடுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காக டொராண்டோ நகர ஆராய்ச்சியாளர் வெண்டிலேட்டரில் இருந்தவர்களைப் பரிசோதித்தபோது, அவர்கள் விழித்த தடவைகளில் ஓசையாலும் பணிவிடையாலும் நேர்ந்தவை நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவே. நோவும், நோயும், மருந்தும், யந்திர மூச்சும் மற்றக் காரணங்களாகலாம். ஆனால் அந்தப் பங்கு நம் கையில் இருக்கும் பங்கல்லவா? 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காகப் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியினர், இரவில் விளக்கைத் தாழ்த்தி, ஓசையைக் குறைத்து, பணிவிடைகளை ஒருங்கே முடித்துப் பார்த்தார்கள். தூக்கத்தைப் பற்றி நோயாளிகள் தாமே கூறிய மதிப்பு குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. ஆயினும் சித்தக் கலக்கம் குறைந்தது. அமெரிக்கத் தீவிர சிகிச்சை நிபுணர் சங்கமும் 2018-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் இரவில் ஓசையையும் ஒளியையும் குறைக்கும்படி சொல்லியிருக்கிறது.

"படுக்கையே கிடைக்காத நாட்டில் தூக்கம் ஒரு கேடா?" என்பாரும் உண்டு. படுக்கைகள் பெருக வேண்டும் என்பதே நமது கட்சியும். ஆனால் நாம் கேட்பவை பணம் விழுங்கும் காரியங்கள் அல்ல. அவசரமில்லாத ரத்தப் பரிசோதனையையும், உடல் துடைப்பதையும் விடியற்காலை மூன்று மணிக்குச் செய்யாதிருக்கலாம். ஒரே இரவில் பத்து முறை எழுப்புவதற்குப் பதில், செய்ய வேண்டியவற்றைச் சேர்த்து நான்கு முறையில் முடிக்கலாம். கண்ணுக்கு ஒரு துணிப்பட்டையும் காதுக்குப் பஞ்சடைப்பும், வேண்டுவோர்க்குத் தரலாம். அலாரங்களின் அளவை ஒவ்வொரு நோயாளிக்கும் ஏற்ப டாக்டர் திருத்தி வைக்கலாம். வீணாக அலறும் மணி, மெய்யான ஆபத்தின் மணியையும் செவியில் ஏறாதபடி செய்துவிடும். இவற்றில் எதையும் நோயாளியின் உறவினர் தம் கையால் தொடலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நர்ஸுகளையும் நாம் குறை கூறவில்லை. வெண்டிலேட்டரில் உள்ள ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது நிபுணர் கூறும் அளவு. அந்த அளவுக்கு ஆள் தராமல் அமைதியை மட்டும் கேட்பது அநியாயம்.

ஆகவே, தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையும் தனியார் ஆஸ்பத்திரி நிர்வாகிகளும், இரவில் சில மணி நேரத்தையாவது நோயாளியின் உறக்கத்துக்கு ஒதுக்கி எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். வார்டுக்குள் ஓசையை அளந்து பதிவு செய்ய வேண்டும். பொது ஜனங்களுக்கும் இதில் பங்குண்டு. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குறைவில்லாத நமது காஞ்சியில், ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கும்போது ஒலிபெருக்கியை நிறுத்துவதால் எந்தத் தெய்வமும் கோபிக்காது. அடியாருக்காகத் தம் பாயைச் சுருட்டிக்கொண்டு நடந்த பெருமாளின் ஊர் இது. நோயாளி ஓர் இரவு நிம்மதியாகக் கண்மூட, நாம் நமது சத்தத்தைச் சுருட்டிக்கொள்ளலாகாதா?