காய்ச்சல் வந்தால் 'மாத்திரை போட்டாச்சா' என்று மட்டும் கேட்காதீர்கள்

வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் உடல்நலத்தை போன் வழியாகத்தான் கவனிக்கிறோம். "மாத்திரை போட்டீங்களா?" என்போம். "போட்டாச்சுப்பா" என்று பதில் வந்தால் நிம்மதி. ஆனால் வாந்தி, பேதி வந்து இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கிடக்கும்போது அதே பதில் நமக்கு நிம்மதி தரக்கூடாது.

நாம் விழுங்கும் பல மருந்துகள் வெளியேறும் வழி சிறுநீரகம்தான். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் கல்லீரலில் சிதைவதில்லை. அப்படியே சிறுநீரில் போகிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். உடம்பில் நீர் வற்றி சிறுநீரகம் திடீரென்று செயலிழந்தால் இந்தக் கணக்கு தப்பிவிடும். காலையில் போட்டது வெளியேறும் முன்பே இரவு மாத்திரை வந்து சேரும். இப்படித் தேங்கினால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடலாம். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து. இன்சுலினிலும் ஒரு பகுதியைச் சிறுநீரகம்தான் சிதைக்கிறது. அது நின்றால், வழக்கமான அளவு ஊசியே சர்க்கரையை அதிகமாக இறக்கிவிடும்.

"டெஸ்ட் எடுத்தாச்சு, கிரியாட்டினின் கொஞ்சம்தான் கூட" என்பார்கள். ஐடி வேலையில் திரையில் ஒரு எண்ணைப் பார்த்தால், இது இப்போதைய நிலையா, பழையதா என்றுதான் முதலில் கேட்போம். கிரியாட்டினின் தாமதமாக வரும் எண். சிறுநீரகம் முழுதாக நின்றாலும் அது ஒரு நாளைக்கு சுமார் 1 முதல் 1.5 வரைதான் ஏறும். அதனால் முதல் நாள் 1.6 என்று வந்தாலும், உள்ளே வடிகட்டல் ஏறக்குறைய நின்றே போயிருக்கலாம்.

இதோடு வலி மாத்திரையும் சேர்கிறது. நாம் பெட்டியில் கொண்டுபோகும் இபுப்ரோஃபென், ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் இரண்டுமே, நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் கூட இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

ஸ்காட்லாந்தில் அரசு மருத்துவத் துறை இதற்காகவே ஒரு சின்ன அட்டை கொடுக்கிறது. வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் என்றால் எந்தெந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்று அதில் இருக்கும். கனடாவிலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. நிறுத்தியவர்கள் மறுபடி தொடங்க மறந்துவிடுவார்கள், இதய நோயாளிகளுக்கு அது கெடுதல் என்று மறுப்பவர்களும் உண்டு. அது நியாயமான கவலை. அதனால்தான் போனில் நாமே டாக்டர் ஆகிவிடக் கூடாது என்கிறேன். எதை நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்களைப் பார்க்கும் மருத்துவர்தான்.

நம்மால் முடிந்தது வேறு. அடுத்த செக்கப்பின்போதே, "பேதி வந்தால் எதை நிறுத்தணும், எப்போ மறுபடி ஆரம்பிக்கணும், யாருக்கு போன் பண்ணணும்?" என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். பதிலைத் தமிழில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். காய்ச்சல் நாளில் போன் செய்தால், மாத்திரையைக் கேட்கும் முன், "தண்ணி குடிக்க முடியுதா? ஒண்ணுக்கு சரியா போகுதாப்பா?" என்று கேளுங்கள். குறைந்துவிட்டது என்றால், ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.